சொன்னாங்களா, நீங்களா போட்டுக்கிட்டீங்களா

கண்ணுங்களா, உங்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லவேண்டும். வாயால் சொல்லப் பலமுறை முயன்றேன். முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு தடவை அவர் பெயர் இருக்கக்கூடாத இடத்தில் இருக்கும்படி விட்டவன் நான். அவரைக் கேட்காமல் இன்னொரு தாளிலும் அதை எழுத எனக்கு உரிமை கிடையாது. என்னைவிட மூன்று வயது சின்னவர். வேலையில் எனக்கு மேலே இருந்தவர். என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார். அந்த முறையில் பார்த்தால் உங்களுக்கு அத்தை. அந்த உறவைக் கொண்டாடும் யோக்கியதை நமக்கு இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான்.

நெல்லித்தோப்பில் ஒரு துணிக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் கம்பெனி. எட்டுப் பேர். கல்லூரிகளுக்கும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் இணையத்தில் விண்ணப்ப ஃபாரம் செய்து கொடுப்போம். நீங்கள் போனில் ஃபாரம் நிரப்பி அனுப்புகிறீர்களே, அந்த எழுத்தெல்லாம் ஸ்ட்ரிங் என்கிற சரமாகக் கோத்துக்கொண்டு எங்கள் சர்வருக்கு வரும். அங்கே ஜாவாவில் எழுதின நிரல் ஒன்று வாசலில் நிற்கும். வந்தது யார், என்ன கொண்டு வந்திருக்கிறார், உள்ளே விடலாமா என்று பார்க்கவேண்டியது அதன் வேலை. அந்த வாசல்கள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு.

நான் சேர்ந்த முதல் வாரம். ஒரு ஃபாரம் செய்து, பெயர், வயது, ஊர் எல்லாம் ஒழுங்காகத் தட்டிக் காண்பித்தேன். பச்சை டிக் விழுந்தது. பெருமையாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் ஃபாரத்தைப் படுத்த ஆரம்பித்தார். பெயரில் எதுவும் தட்டாமல் அனுப்பினார். பிறகு நாலு இடைவெளி மட்டும் தட்டி அனுப்பினார். பிறகு அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டு அனுப்பினார். வயதில் ‘இருபது’ என்று தமிழில் எழுதினார். ஊர் என்ற இடத்தில் ‘அ’வை விரல் எடுக்காமல் ஆயிரம் தடவை அழுத்தினார். என் நிரல் மூன்றாவது தடவையே மூச்சை விட்டுவிட்டது.

“யாரு மேடம் இப்டி எல்லாம் எழுதுவாங்க?” என்றேன்.

“நான் எழுதுனேனே.”

பிறகுதான் விளக்கினார். “பெட்டியே இல்லாம வந்த மொத ஆளு தபாலே போடலண்ணா. ஒண்ணும் தட்டாத ரெண்டாவது ஆளு காலி கவரப் போட்டாரு. எடவெளி மட்டும் தட்டுன மூணாவது ஆளு கவருக்குள்ள வெத்துத் தாள வெச்சு ஒட்டிட்டாரு. மூணு பேரையும் ‘ஒண்ணும் எழுதல’ன்னு ஒரே கட்டா கட்டிடாதீங்க. மொத ஆளுக்கு ஃபாரமே போய்ச் சேரலயோ என்னவோ.”

திரையிலேயே சரிபார்த்துத்தானே அனுப்புகிறோம், சர்வரில் மறுபடியும் எதற்கு என்று கேட்டேன். “திரையில பாக்கறது மரியாதைக்கு. ஆளுக்கு ஒடனே தப்பு தெரியட்டும்னு. அத தாண்டி நேரா சர்வருக்கு அனுப்பத் தெரிஞ்சவன் இருக்கான். அவன் பேரு எழுதற எடத்துல பேர எழுத மாட்டான், உத்தரவ எழுதி அனுப்புவான். நாம அசந்தா நம்ம மிஷினு அதுக்கு கும்பிடு போட்டுக் கீழ்ப்படியும்.”

இதைக் கேட்டுவிட்டு அவர் எல்லோரையும் சந்தேகப்படும் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். உத்தரவு எழுதுகிறவர்கள் ஒரு மேற்குறியை, அபாஸ்ட்ரஃபி என்பார்களே அதை, உபயோகிப்பார்கள். அதே குறி நம்மூரில் பல கிறித்தவக் குடும்பங்களின் பெயருக்கு நடுவிலும் உண்டு. குறியையே தடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. “திருடன் சட்ட போட்டிருக்கான்னு சட்ட போட்ட எல்லாரையும் வெளிய நிறுத்துவீங்களா? உள்ள பத்திரமா வெக்கத் தெரியாதது நம்ம தப்பு. அவரு பேரு தப்பு இல்ல.”

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. வந்ததை வந்தபடி ஏற்றுக்கொள், இல்லையா, காரணம் சொல்லித் திருப்பி அனுப்பு. நடுவில் கை வைக்காதே. சத்தம் போடாமல் திருத்துவதுதான் அவரைப் பொறுத்தவரை பெரிய பாவம். யாராவது இன்னொருவர் சார்பில் ஏதாவது சொன்னால் போதும், தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார்: “அவங்க சொன்னாங்களா, நீங்களா போட்டுக்கிட்டீங்களா?”

வேலையில் மட்டும் இல்லை. டீக்கடையில் “சக்கர கம்மியா” என்று சொல்லி, சர்க்கரையே இல்லாமல் வந்தால் திருப்பிக் கொடுப்பார். “கம்மின்னு சொன்னேன். இல்லாமன்னு நான் சொல்லலயே.” டீக்கடைக்காரர், “தாயே, உனக்கு டீ போட நான் தனியா பரீட்ச எழுதணும்” என்பார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பையன், “மேடமுக்கு ஃபிரான்ஸ் மாப்ள வந்தாத்தான் சரின்னு சொல்லுவாங்க” என்று கிண்டலடித்தான். டப்பாவை மூடாமலே, “நான் சொன்னேனா, நீயா போட்டுக்கிட்டியா?” என்றார். அவன் அசடு வழிந்தான். “நீயா போட்டுக்கிட்டது. சரி. இப்ப அத எடு.” எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எல்லோருக்கும் கொஞ்சம் பயம்தான். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டுப் போக முடியாது.

பெரியவனே, இது உனக்கு. நீ பிறந்த அன்று நான் ஆபீஸில் இருந்தேன். தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. மதியம் அவர் கேட்டார், “அண்ணி எப்டி இருக்காங்க?” “நல்லா இருக்கா” என்றேன். உடனே அந்தத் தலைச் சாய்ப்பு. “அவங்க சொன்னாங்களா, நீங்களா போட்டுக்கிட்டீங்களா?” எரிச்சலாக வந்தது. இதில்கூடவா என்று நினைத்துக்கொண்டே போன் போட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எடுத்தது. “காலையில இருந்து இடுப்பப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுப்பா. வேலையில இருக்கறவர தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிடுச்சு.” போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் தன் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் நீ வந்துவிட்டாய். டாக்டரம்மா சொன்னதை இங்கே எழுத வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஜாவா படிப்பதற்கு முன்னால் நான் அரியாங்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு வருஷம் இருந்தேன். ஃபாரம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கிற வேலை. வெளியே வரிசை நிற்கும். பெயரைத் தட்டுவேன், சைட் ஏற்காது. நடுக்கோட்டை வெட்டு, புள்ளியை எடு, இரண்டு இனிஷியலை ஒன்றாகச் சேர். ஏற்றுக்கொண்டதா, அடுத்த ஆள் வா. உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டதே கிடையாது. கேட்டாலும் “நீயே பாத்துப் போடுப்பா” என்பார்கள். அதைத் திறமை என்றுதான் நான் நினைத்திருந்தேன். எத்தனை பேருடைய பெயரை எங்கெங்கே வெட்டினேனோ, இன்றைக்கு எண்ணிப் பார்க்கவும் முடியாது.

எங்கள் கம்பெனிக்கு ஒரு நர்சிங் கல்லூரியின் நுழைவுத்தேர்வு விண்ணப்பம் வந்தது. கல்லூரிக்காரர்கள் பெயரில் வெறும் ஆங்கில எழுத்து மட்டும்தான் இருக்கவேண்டும் என்றார்கள். நம்மூரில் அது நடக்காது என்று அவர் வாதாடினார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பதிவேட்டு வழக்கப்படி பெயர் வைத்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. பெயர் நடுவே கோடு வரும். எழுத்தின் தலையில் கீற்று வரும். சான்றிதழில் அப்படியே இருக்கும். கல்லூரியிலிருந்து பதில் வரும் வரைக்கும் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். அப்படிப்பட்ட பெயர் வந்தால் நிரல் நிறுத்தி, ‘இந்தக் குறியை இப்போது ஏற்க முடியவில்லை, தவறு உங்களுடையது அல்ல, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்’ என்று சொல்லும். போன் என் மேசையில். நான் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும், அவர் கையால் ஏற்றிவிடுவார்.

கடைசி நாள் அவர் லீவு. அவருடைய சித்தி மகளுக்குக் கோயிலில் கல்யாணம். முந்தின நாளே தன் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லியிருந்தார். “அவசரம்னா மட்டும் உள்ள போங்கண்ணா. என்ன தொட்டாலும் எனக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க.” கம்பெனி முதலாளி சாருக்கு இது தெரியாது. தெரிந்தால் திட்டுவார்.

காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒருவர் வைத்தால் இன்னொருவர். சார் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு, “இன்னாய்யா இது மார்க்கெட்டு மாதிரி, எதுனா பண்ணு” என்றார். அப்போது என் பழைய கை வேலை செய்தது. அவருடைய பாஸ்வேர்டில் போய் ஒரே ஒரு வரி எழுதினேன். ஜாவாவில் ரீப்ளேஸ் ஆல் என்று ஒன்று உண்டு. ஆங்கில எழுத்து அல்லாத எது வந்தாலும் சத்தம் போடாமல் எடுத்துவிடு என்பது என் வரி. எழுதி முடித்த ஐந்தாவது நிமிடம் போன் நின்றது. சார் என் தோளைத் தட்டினார். லீவில் இருந்தவருக்குச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கோயிலில் இருப்பாரே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாளும் சொல்லவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததே, எதற்கு என்று.

தேர்வு காலாப்பட்டுப் பக்கம் நடந்தது. அன்று பதினொரு மணிக்கு ஒரு மனிதர் மகளோடு எங்கள் மாடி ஏறி வந்தார். அரியாங்குப்பத்தில் எலக்ட்ரீஷியன். அந்தப் பெண்ணின் பெயர் மரி-தெரேஸ். நடுவில் கோடு, தெரேஸில் இரண்டு எழுத்துக்குத் தலையில் கீற்று. என் வரி கோட்டை எடுத்து, கீற்று இருந்த இரண்டு எழுத்தையும் விழுங்கிவிட்டது. ஹால் டிக்கெட்டில் இருந்தது எந்த மொழியிலும் வாயில் நுழையாத ஒரு பெயர். சான்றிதழோடு ஒத்துப்போகவில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் கத்தவில்லை. ஹால் டிக்கெட்டையும் சான்றிதழையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “எம் பொண்ணு பேர வெட்டுனது யாரு சார்? அவ சரியாத்தான் போட்டா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்.” அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதுதான் ஏதோ தப்புச் செய்ததுபோல.

சார் கல்லூரிக்குப் போன் போட்டார். மறுநாள் இரண்டாவது தொகுதிக்குத் தேர்வு இருக்கிறது, கம்பெனியிடமிருந்து தவறு எங்களுடையது என்று, செய்தவர் பெயரும் கையெழுத்தும் போட்ட கடிதம் நாலு மணிக்குள் வந்தால் அந்தப் பெண்ணை உட்காரவைக்கிறோம் என்றார்கள்.

மேடம் அதற்குள் நிரலைத் திறந்து அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டார். சார் திரையை எட்டிப் பார்த்தார். “உன் பேருலதான இருக்குது?”

“என் பேருலதான் இருக்கு சார்.”

“அப்ப நீதான எழுதுன?”

“எழுதுனவங்க சொல்லட்டும் சார்.”

“எழுதுனவங்கன்னா யாரு? பேயா வந்து எழுதுச்சு?”

என் மேசை நாலு அடி தூரத்தில் இருந்தது. நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் நான் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்லமாட்டார். இன்னொருவர் வாயில் வரவேண்டிய சொல்லை அவர் ஒருநாளும் எடுத்துப் போட்டுக்கொண்டதில்லை.

மூன்று மணிக்குக் கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். எல்லாம் சரியாக எழுதியிருந்தார். கடைசியில் ‘இந்தப் பிழையைச் செய்தவர்’ என்று போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

“இந்த எடத்துல யாரு பேரு போடட்டும்ணா?”

குரலில் கோபம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். ஃபாரத்தில் ஒரு பெட்டி விட்டுப்போயிருக்கிறது, நிரப்பிக் கொடுங்கள் என்பதுபோல.

“கம்பெனி பேர போட்டுடலாமே” என்றேன்.

“ஆளு பேரு கேட்டிருக்காங்க.”

“டீம்னு போட்டா?”

“டீமுன்னு ஒரு ஆளு இல்லயேண்ணா.”

அவர் காத்துக்கொண்டு நின்றார். வெளியே அந்த மனிதர் மகளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மேடம் என் மேசையிலிருந்த பேனாவையே எடுத்து, தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“பாஸ்வேர்ட குடுத்தது நானு. அதனால இது பொய் இல்ல” என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அவரே அந்த அப்பாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு காலாப்பட்டுக்குப் போனார். கடிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் பெண் தேர்வு எழுதியது. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஒன்று எங்கள் ஆபீஸிலும் இருந்ததே, அதைக் காட்டி சார் அந்த வாரமே அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். யாரையாவது வேலையைவிட்டு நீக்கினதாகக் கல்லூரிக்குக் காட்டவேண்டும்.

பெரியவனே, அப்போது உனக்கு நாலு மாதம். வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையான பயம்தான். ஆனால் உன்னைக் காரணம் காட்டிக்கொண்டது கேவலம். அந்தக் குழந்தை உயிரோடு கையில் இருப்பதற்கே யார் காரணம் என்று எனக்குத் தெரியாதா?

கடைசி நாள் அவர் டப்பாவையும் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது நான் எழுந்து நின்றேன். “அந்த வரிய எடுத்துடுங்கண்ணா. இன்னும் நெறைய பேரு வருவாங்க” என்றார். படியில் இறங்கிப் போய்விட்டார்.

“பரவால்லண்ணா” என்றும் அவர் சொன்னதாக நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. நானாகப் போட்டுக்கொண்டது.

அவர் சென்னைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இன்னொருவர் பிள்ளைச்சாவடிப் பக்கம் ஸ்கூட்டியில் பார்த்ததாகச் சொன்னார். நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடுவாரோ என்று பயம்.

அவர் போனதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சாரிடம் சாவி வாங்கிக்கொண்டு ஆபீஸுக்குத் தனியாகப் போனேன். கீழே துணிக்கடை மூடியிருந்தது. என் சொந்தப் பெயரில் உள்ளே போய் அந்த வரியை எடுத்தேன். கல்லூரியும் அதற்குள் சான்றிதழில் உள்ளபடியே பெயரை வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. எந்த மொழி எழுத்தானாலும், நடுவில் கோடு இருந்தாலும், தலையில் கீற்று இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதினேன். அந்தப் பெண்ணின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அனுப்பிப் பார்த்தேன். முழுதாகத் திரும்பி வந்தது.

நிரலில் செய்கிற ஒவ்வொரு மாற்றத்தோடும் என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதவேண்டும். நான் எழுதினேன்: ‘இதற்கு முன் இருந்த வரியை அவர் எழுதவில்லை. அவருடைய பாஸ்வேர்டில் போய் எழுதியது நான்.’ கீழே இனிஷியலோடு என் முழுப் பெயரையும் போட்டேன்.

எங்கள் ஆபீஸில் அந்தக் குறிப்புகளை யாரும் திறந்து படிப்பதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே எழுதினேன்.